ஈயம் ஊற்றிய காதுகளும் ஒலிப்பதிவுக் கருவியும்

(காஞ்சிபுரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஒலிக்கலையும் சுற்றுச்சூழலும்'. கேட்டதும் உங்கள்ல பாதிப் பேருக்கு என்ன தோணியிருக்கும்னு எனக்குத் தெரியும். குடிக்கத் தண்ணி இல்ல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, இதுல குருவி கத்துறத மைக்குல பிடிக்கிறவரைப் பத்தி நமக்கென்ன பேச்சு? நியாயமான கேள்வி. இதை ஓரங்கட்டிவிட்டு நான் பேசப்போவதில்லை. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டேதான் பேசப்போகிறேன். ஏனென்றால் ஒலி நமக்கு ஒருநாளும் பொழுதுபோக்குச் சமாச்சாரமாக இருந்ததில்லை. யார் எதைக் கேட்கலாம், யார் எப்போது சத்தம் எழுப்பலாம் என்று விதி வகுத்து வைத்த சமூகம் இது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தக் கலைஞர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

புத்தாதித்ய சட்டோபாத்யாய் என்று ஒருவர். கொல்கத்தாவில் சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்தவர். சினிமாவுக்குள் ஒடுங்கிவிடாமல் கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மேற்கு வங்கமும் ஜார்க்கண்டும் சேருகிற எல்லையில் தும்பனி என்று ஒரு பகுதி. கல் குவாரியும் கிரஷரும் நுழைந்து கிராமத்தை விழுங்கிக்கொண்டிருந்த இடம். அங்கே அவர் ஒலிகளைப் பதிவு செய்தார். பாட்டு கிடையாது, பின்னணி இசை கிடையாது, விளக்கம் சொல்லும் குரலும் கிடையாது. அந்த இடத்தின் ஒலிகளை மட்டுமே அடுக்கிக் கோத்து ஒரு படைப்பாக்கினார். 'லேண்ட்ஸ்கேப் இன் மெட்டமார்ஃபோசஸ்' என்ற பெயரில் 2008-இல் ஜெர்மனியின் க்ரூன்ரெகார்டர் நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. நிலம் உருமாறுகிறது என்று பொருள். பிறகு 2015-இல் 'டீகம்போசிங் லேண்ட்ஸ்கேப்' வந்தது. நிலம் சிதைகிறது. இந்த இரண்டு தலைப்புகளுக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரைப் பற்றியும் செய்திருக்கிறார். அந்த நகரம் இடிபட்டு எழும்பும் சத்தங்களோடு, பழைய பொருள் சந்தையில் கிடைத்த பழைய ஒலிநாடாக்களையும் சேர்த்துக்கொண்டார். 2013-இல் வெளியான அதற்கு 'எலஜி ஃபார் பெங்களூர்' என்று பெயர். ஒரு ஊருக்கு ஒப்பாரி.

இந்த முறைக்குக் கள ஒலிப்பதிவு என்று பெயர். ஆற்றங்கரை, காடு, சந்தை, ஆலைவாசல் என்று அந்தந்த இடத்துக்கே போய், அங்கே கேட்பதைக் கேட்கிறபடி பிடிப்பது. இதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வரலாறு உண்டு. கனடாவில் வான்கூவர் நகரத்தை அடுத்துள்ள சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்திலிருந்து ஆர். மர்ரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் இதை முன்னெடுத்தார். நிலவெளி என்று சொல்வதைப் போல ஒலிவெளி என்று ஒன்று இருக்கிறது, அதையும் நாம் நாசம் செய்துகொண்டிருக்கிறோம் என்று அவர் சொன்னார். 1975-இல் அவருடைய குழு ஐரோப்பாவில் ஐந்து கிராமங்களுக்குப் போய் அங்கே கேட்கும் ஒலிகளைக் கணக்கெடுத்தது. 1977-இல் 'தி டியூனிங் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற அவருடைய நூல் வந்தது. 2021-இல் காலமானார்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறவர் அமெரிக்காவின் பெர்னி க்ராஸ். 1963-இல் 'தி வீவர்ஸ்' என்ற நாட்டார் பாடல் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். வீவர்ஸ் என்றால் நெசவாளர்கள். 1844-இல் சைலீசியாவில் நெசவாளர்கள் நடத்திய கலகத்தை வைத்து ஜெர்மானிய எழுத்தாளர் ஹாப்ட்மன் எழுதிய நாடகத்தின் பெயர் அது. அந்தப் பெயரைத்தான் குழு எடுத்துக்கொண்டது. நெசவாளர் ஊரில் நின்று பேசுகிறவனுக்கு இதைச் சொல்லாமல் கடந்துபோக மனசு வரவில்லை. க்ராஸ் பின்னால் பாட்டை விட்டுக் காட்டுக்குப் போனார். ஐயாயிரம் மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்து சேர்த்தார்.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்று ஒரு புல்வெளி. அதைச் சுற்றியிருந்த காட்டில் மரம் வெட்ட ஒரு நிறுவனம் வந்தது. எல்லா மரத்தையும் வெட்டமாட்டோம், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேர்ந்துதான் வெட்டுவோம், காட்டுக்கு ஒரு கெடுதலும் வராது என்று ஊர் மக்களிடம் சொன்னது. வெட்டுவதற்கு முன்பு 1988-இல் க்ராஸ் அங்கே விடியற்காலை ஒலியைப் பதிவு செய்தார். ஒரு வருஷம் கழித்து, வெட்டி முடித்த பிறகு, அதே பருவத்தில், அதே நேரத்தில், அதே இடத்தில் மறுபடி பதிவு செய்தார். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. போட்டோ எடுத்துப் பார்த்தாலும் காடு காடாகவே இருந்தது. பதிவைப் போட்டுக் கேட்டால் பறவைகளின் பெரும் சத்தம் இருந்த இடத்தில் ஓடைத் தண்ணீர்ச் சத்தமும் ஒரு மரங்கொத்தி தட்டுகிற சத்தமும் மட்டும். அடுத்த 25 ஆண்டுகளில் பலமுறை திரும்பிப் போய்ப் பார்த்தார். பழைய சத்தம் மீளவில்லை.

கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்ற முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அறிக்கையில் பச்சை வண்ணம் அடித்துக் காட்டலாம். சாலையோரம் நாலு வரிசை மரம் விட்டுவிட்டு உள்ளே மொட்டையடிக்கலாம். போன தவளையை அந்தப் பச்சை கத்த வைக்காது. இதுதான் இந்தக் கலையின் பலம். அதை நாம் முழுசாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்புக்கொண்ட பிறகு நம்முடைய கேள்விகளைக் கேட்போம்.

கௌதம தர்ம சூத்திரம் என்று ஒரு நூல். வேதம் ஓதுவதை சூத்திரன் வேண்டுமென்றே கேட்டால் அவன் காதில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்று என்கிறது. 'சூத்திரர்கள் யார்?' என்ற 1946-ஆம் ஆண்டு நூலில் பாபாசாகேப் இதை எடுத்துக் காட்டுகிறார். உலகத்தில் எத்தனையோ குற்றங்களுக்கு எத்தனையோ தண்டனைகள் உண்டு. கேட்டதே குற்றம், காதே குற்றவாளி என்று எழுதிவைத்த பெருமை நம் நாட்டுக்கு உரியது. சூத்திரனுக்கே இப்படி என்றால் அந்த நாலு வரிசைக்கும் வெளியே நிறுத்தப்பட்டவனின் காதுக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்?

அடுத்து, கேட்பது போய் ஒலிப்பது. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த சீனப் பயணி பாஹியான், சண்டாளர்கள் நகரத்துக்குள்ளோ சந்தைக்குள்ளோ நுழையும்போது ஒரு கட்டையைத் தட்டிக்கொண்டே வர வேண்டும், அதைக் கேட்டு மற்றவர்கள் தீண்டாமல் விலகிப் போவார்கள் என்று எழுதினார். ஆக ஒருவன் கேட்கக் கூடாது, இன்னொருவன் ஒலிக்காமல் நடக்கக் கூடாது. ஒருவனுக்குக் காது தடை, ஒருவனுக்குச் சத்தம் கட்டாயம். தீண்டாமையைத் தொடுவது, பார்ப்பது என்று மட்டும் நாம் பேசிப் பழகிவிட்டோம். அது ஒலியாலும் கட்டப்பட்டது.

இது பழங்கதை என்று யாராவது நினைத்தால் 2022-க்கு வாருங்கள். ஊர்ச் சேதியைத் தமுக்கடித்துச் சொல்லும் தண்டோரா வேலை யார் தலையில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா போடுவதைத் தடை செய்யவேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதாதா என்ற எளிய யோசனை வந்துசேர விடுதலைக்குப் பிறகு 75 வருஷம் ஆகியிருக்கிறது.

இந்த வரலாற்றோடு ஷேஃபரிடம் திரும்பிப் போவோம். ஐரோப்பியக் கிராமத்தில் மாதா கோயில் மணிச்சத்தம் எதுவரை கேட்கிறதோ அதுவரைதான் அந்த ஊர் என்று அவர் விளக்குகிறார். ஒலி ஒரு சமூகத்தைச் சேர்த்துக் கட்டுகிறது என்பது கருத்து. அழகான கருத்து. நம்ம ஊருக்குக் கொண்டாந்து பாருங்க. காஞ்சிபுரத்தைச் சுத்தி எந்தச் சேரியிலயாவது கோயில் மணி கேக்காம இருக்குதா? ஸ்பீக்கர் கட்டுனதுலருந்து நல்லாவே கேக்குது. மணி கேட்கிறது, ஊர் மட்டும் வேறாக இருக்கிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று வருவாய்த்துறைப் புத்தகமே எழுதிவைத்திருக்கிறது. ஒலி எட்டுகிற எல்லை ஒன்று, சாதி போட்ட எல்லை வேறொன்று.

இன்னொன்றும் ஷேஃபர் சொல்கிறார். நகரத்தில் எல்லாச் சத்தமும் குழம்பிக் கிடக்கிறது, கிராமத்தில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகத் துல்லியமாகக் கேட்கிறது, அதனால் கிராமத்தின் ஒலிவெளி உயர்ந்தது என்கிறார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் என்ன பேசினார் என்று இங்கே இருப்பவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. கிராமத்தின் அமைதி எப்படி உண்டானது என்று நாம் கேட்டாக வேண்டும். ஊர்த் தெரு வழியாக மேளம் கட்டி மாப்பிள்ளை அழைப்பு போகக் கூடாது என்பதால் வந்த அமைதி உண்டு. பிணத்தோடு பறை அந்தப் பக்கம் வரக்கூடாது என்பதால் வந்த அமைதி உண்டு. அடிபட்டவன் வாயைப் பொத்திக்கொண்டு படுத்ததால் வந்த அமைதியும் உண்டு. இந்த அமைதிக்குள்ளே ஒரு மைக்கை நட்டு வைத்தால் குயில் துல்லியமாகத்தான் கேட்கும். அந்தத் துல்லியத்தைப் பார்த்து நாம் சொக்கிப்போய்விடக் கூடாது.

ஷேஃபரோடு வேலை செய்த ஹில்டெகார்ட் வெஸ்டர்காம்ப் என்ற பெண் கலைஞர் இதை வேறு வழியில் உடைத்துக் காட்டினார். 1989-இல் 'கிட்ஸ் பீச் சவுண்ட்வாக்' என்று ஒரு படைப்பு. வான்கூவர் கடற்கரையில் பாறையில் ஒட்டிய சிறு சிப்பிப் பூச்சிகள் எழுப்புகிற மெல்லிய ஒலியைப் பதிவு செய்கிறார். பின்னால் நகரம் இரைகிறது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஸ்டுடியோக் கருவியில் ஒரு திருகு திருகினால் நகரத்தையே காணாமல் அடித்துவிடலாம் என்று அவர் குரல் சொல்கிறது, செய்தும் காட்டுகிறது. இரைச்சல் போய்விடும், சிப்பி மட்டும் நிற்கும். ஒலிப்பதிவு பொய் சொல்லாது என்று நம்பியவர்களுக்கு அந்தக் கலையின் உள்ளிருந்தே ஒருவர் விடுத்த எச்சரிக்கை அது. திருகு யார் கையில் இருக்கிறது என்பதுதான் எப்போதும் கேள்வி.

நம் ஊரிலேயே ஒரு உதாரணம். பிள்ளையார்பாளையம் தெருவில் நடந்தால் தறிச்சத்தம் கேட்கும். நாடா ஓடுகிற சத்தம், பலகை அடிக்கிற சத்தம். காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாளைக்கே யாராவது வந்து இந்தத் தறி ஒலியைப் 'பாரம்பரியத்தின் இசை' என்று பதிவு செய்து கண்காட்சியில் வைக்கலாம். நானும் போய்க் கேட்பேன், நெசவாளர் உழைப்புக்கு அந்த மரியாதை வேண்டும். ஆனால் கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா. தறியின் ஒரு பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் ரொம்ப காலம் ஒரு குழந்தையாகத்தான் இருந்தான். முன்பணத்துக்காகத் தறியில் அடகு வைக்கப்பட்ட குழந்தை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அந்தக் குழந்தைகளில் தலித்துகள் ஏராளம். தறி ஒலியில் அந்தப் பிள்ளையின் கை தள்ளிய நாடாவும் கேட்டிருக்கும். எது அவன் கை என்று பதிவு சொல்லாது. பக்கத்தில் ஒரு மனிதக் குரல் பேசினால்தான் தெரியும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. ஒலிக்காத நஞ்சை இந்தக் கலை என்ன செய்யும்? பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. தோல் பதனிடும் ஆலைகள் ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தன. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது இந்த ஆற்றால்தான். குரோமியம் சத்தம் போடாது. எவ்வளவு விலையுயர்ந்த மைக்கை வைத்தாலும் அது அகப்படாது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சூழல் என்று நாம் சொல்லும்போது ஆறு மட்டும் இல்லை, அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்தவனும் சேர்த்திதான்.

நமக்குச் சூழல் என்றாலே முதல் சொல் நிலம். 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் இழந்தவர்கள் நாம். நிலம் யாருக்கு என்று கேட்காமல் நிலத்தின் ஒலியை மட்டும் ரசிக்கச் சொல்லும் கலையை நாம் ஏற்க முடியாது.

அப்படியானால் இந்தக் கலையைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது என்பதுதான் என் கட்சி. காரணம், கேட்கும் அறிவு நம்முடையது. வெளிநாட்டிலிருந்து வந்து யாரும் நமக்குக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லாத அறிவு.

என் தாத்தா எங்கள் ஏரிக்கு நீர்க்கட்டி. மடை திறப்பது, அடைப்பது, கடைக்கோடி வயலுக்கும் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. இந்தச் சீமையில் பல ஏரிகளுக்கு நீர்க்கட்டிகள் நம் ஆட்கள்தான். ராத்திரியில் கரைமேல் படுத்துக்கொண்டு, மதகில் தண்ணி விழுகிற சத்தத்தை வைத்தே எவ்வளவு தண்ணி போகுதுன்னு சொல்வார். "சத்தம் மாறுதுடா, எவனோ நடுவுல உடைச்சிட்டான்" என்று எழுந்து ஓடுவாராம். தவளைச் சத்தத்தை வைத்து மழையைச் சொல்வார். அவருக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லை. ஏரி முழுதும் அவர் காதில் இருந்தது, ஏரிப் பாசனத்தில் ஒரு பிடி அவர் பேரில் இல்லை. களத்து மேட்டில் அவருக்கு அளந்த நெல்லுக்குப் பெயர் என்ன தெரியுமா? 'சுதந்திரம்'. செங்கல்பட்டுச் சீமையின் பழைய வழக்கு அது. இந்த நாட்டில் நமக்கு அளந்து போட்ட சுதந்திரம் அவ்வளவுதான்.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தோல் தொய்ந்துபோகும். நெருப்பில் காய்ச்சினால்தான் குரல் எழும். காற்றின் ஈரம் எவ்வளவு என்பது பறை அடிப்பவன் விரலுக்குத் தெரியும். நெசவாளருக்கும் அப்படித்தான். குழித்தறியில் தண்ணீர் ஊறினால் வேலை நின்றுவிடும், வானத்தின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடிதான் ஐப்பசியில் நெய்வார்கள். க்ராஸே தன் ஆசானாகச் சொல்வது ஒரு பூர்வகுடிப் பெரியவரைத்தான். ஒரேகானில் ஒரு ஏரிக்கரையில், ஒடிந்த நாணல்கள்மேல் காற்று வீசும்போது எழுந்த ஒலியைக் காட்டி, நாணல் ஒன்றை வெட்டிக் குழலாக்கி ஊதி, எங்கள் இசை இங்கிருந்து வந்தது என்று சொல்லிக் கொடுத்தவர் நெஸ் பெர்ஸ் இனத்தவர். நிலத்தைப் பறிகொடுத்த இனம். கேட்கக் கற்றுக்கொடுத்தவர்கள் எங்கேயும் நிலம் இழந்தவர்களாகவே இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேடந்தாங்கல் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியும் அப்படியே. வெள்ளைக்காரத் துப்பாக்கிகள் பறவைகளைச் சுட்டபோது வேடந்தாங்கல் மக்கள் அதிகாரியிடம் முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமை பெற்றார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். சத்தத்தைக் குறைத்துக்கொள்வது அங்கே வயிற்றோடு சேர்ந்த காரியம். யாரோ ஒருவர்மேல் மட்டும் திணிக்காமல், ஊரே சேர்ந்து எடுத்துக்கொண்ட அமைதி அது. அடக்கி வைத்த அமைதிக்கும் ஒப்பி எடுத்துக்கொண்ட அமைதிக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளைப் படித்துப் பாருங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு விலக்கு அளிக்கலாம். விதி நல்ல விதிதான். புகார் யார்மேல் போகிறது, விலக்கு யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் டெசிபலுக்குச் சாதி ஒட்டிக்கொள்கிறது.

இப்போது வேலைக்கு வருவோம். நான் வங்கியில் குமாஸ்தா. நாள் முழுக்க நோட்டு எண்ணும் இயந்திரத்தின் சத்தம் என் காதில் இருக்கும். கிழிந்த நோட்டு உள்ளே போனால் இயந்திரம் நிற்பதற்கு முன்பே சத்தத்தில் ஒரு பிசிறு தெரியும், கை தானாகப் போய்விடும். தொடர்ந்து கேட்கிற காதுக்கு மாறுதல் முதலில் தெரியும். எழுதி வைத்த கணக்குக்குத்தான் ஆட்சியில் மதிப்பு என்பதும் அதே வங்கியில் நான் கற்றது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்: நம் ஊர்களின் ஒலிக்கணக்கை நாம் எழுதி வைக்க வேண்டும்.

ஏன் இப்போது? பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று 2022-இல் அறிவித்தார்கள். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் போகிறது. அதில் ஏரிகள் உண்டு, கம்பன் கால்வாய் உண்டு. ஏகனாபுரம் மக்கள் 2022 ஜூலை முதல், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் கூடிப் போராடினார்கள். கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். 2025 ஏப்ரலில் போராட்டம் ஆயிரம் நாளைத் தாண்டியது. அதே மாதம் மத்திய அரசின் கொள்கையளவு ஒப்புதலும் வந்தது. லிங்கன் மெடோவில் வெட்டுவதற்கு முன்பே ஒருவர் பதிவு செய்து வைத்திருந்ததால்தான் பின்னால் கேள்வி கேட்க முடிந்தது. விமானம் இறங்கிய பிறகு அந்த ஏரியில் என்ன கேட்டது என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

வேகவதி இன்னொன்று. நம் நகரத்துக்குள் ஓடும் ஆறு. சாக்கடையும் சாயக்கழிவும் கலந்த ஆறு. ஆற்றை மீட்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் மீட்பு என்று பேச்சு வந்ததும் முதலில் கண்ணில் படுவது கரையோரக் குடிசைதான். கரையில் இருந்தவர்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி கட்டினார்கள். அந்தக் குடிசைகளின் குழந்தைச் சத்தமும் பாத்திரச் சத்தமும் ஆற்றின் ஒலியில் சேர்த்தியா, ஆக்கிரமிப்பா? இதை முடிவு செய்வது யார்?

அதனால் மாணவத் தோழர்களே, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். கையில் இருக்கிற செல்போன் போதும். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பேசுகிற குரலை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றியிருப்பதை இரைச்சல் என்று நீக்கும்படிதான் பெரும்பாலான போன்கள் பழக்கப்பட்டிருக்கின்றன. ஏரி, தவளை, தூரத்துப் பறை எல்லாம் அதற்குக் கழிவு. பதிவுச் செயலியில் அந்த இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கோப்பைச் சுருக்காமல் வேவ் வடிவில் வையுங்கள். எம்பி3 ஆக்கினால், மனிதக் காதுக்குத் தேவையில்லை என்று தான் நினைப்பதை அது வெட்டிவிடும்.

ஒரே இடத்தில் நில்லுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, விடியலுக்குச் சற்று முன்பும் பொழுது சாய்ந்த பிறகும், பத்து நிமிஷம் அசையாமல். முதலில் உங்கள் குரலில் ஊர், இடம், தேதி, மணி சொல்லுங்கள். முதல் மழைக்குப் பிறகு கட்டாயம் போங்கள், தவளை அப்போதுதான் கணக்குக் கொடுக்கும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திருகு உங்கள் கையில் இருக்கிறது, அதைத் திருகாதீர்கள். லாரிச் சத்தம் வந்தால் வரட்டும். மணல் அள்ளுகிற இயந்திரம் வந்தால் அதுவும் சாட்சி.

அதைவிட முக்கியம், ஆட்களைப் பேச விடுங்கள். நாற்று நடுகிற அம்மா, ஆடு மேய்க்கிற பையன், நீர்க்கட்டியாக இருந்த கிழவர். 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், மூன்று ஆண்டு அங்கே உழைத்துப் பிழைத்த நிலமற்ற கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக எண்ணச் சொல்கிறது. பட்டா இருப்பவனுக்குக் காகிதம் இருக்கிறது. கூலிக்காரனுக்கு ஊர் வாய்ச்சொல்தான் ஆவணம். அந்த வாய்ச்சொல்லை அவன் நின்று உழைத்த வயலின் ஒலியோடு சேர்த்துப் பதியுங்கள். கிராம சபை கூடும்போது தீர்மானம் வாசித்த பிறகு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

ஒலிப்பதிவு ஏரியைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. க்ராஸின் பதிவு இருந்தும் லிங்கன் மெடோ மீளவில்லை. காப்பாற்றுவது கூடி நிற்கிற ஆட்கள்தான். பதிவு அவர்கள் கையில் ஒரு சாட்சியம், அவ்வளவே. ஆனால் இதுவரை நம்மைப் பற்றி வேறு யாரோதான் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். சென்சஸ்காரன், போலீஸ்காரன், ஆராய்ச்சிக்காரன், இப்போது கலைஞன். நம் காதால் கேட்டதை நம் கையால் பதிந்து, நம் குரலில் தேதி சொல்லி வைத்த ஆவணம் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணிக்கு எங்கள் ஏரிக்கரைக்குப் போகிறேன். வர விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். சைக்கிளில் வந்தால் நல்லது, வண்டிச் சத்தம் பதிவில் விழாது.

ஜெய்பீம்.